இருபத்து நான்காவது ஆள்

எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாடிப்படி ஏறினால் படிகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை இலைகளை எண்ணுவேன். என் மனைவி வசந்தாவைப் பெண் பார்க்கப் போன அன்று தட்டில் எத்தனை பஜ்ஜி வந்தது என்பது என் டைரியில் இருக்கிறது. (பதினொன்று. அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்பது இல்லை. இதற்கு இருபத்தாறு வருடங்களாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

இந்த வியாதிக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் நான் தர ஆய்வாளர். பெட்டிக்குள் எட்டு போல்ட்டு இருக்க வேண்டுமென்றால் எட்டு இருக்க வேண்டும். ஏழு இருந்தால் மூட விடமாட்டேன். ஒன்பது இருந்தாலும் விடமாட்டேன்; அந்த ஒன்பதாவது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரியும்வரை லாரி கிளம்பாது. கம்பெனியில் எனக்குப் பட்டப்பெயர்கள் உண்டு. மொத்தம் நான்கு.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் ஒரு காட்டையும் இருபத்து நான்கு மனிதர்களையும் ஒப்படைத்தார்கள். (அந்த எண்ணிக்கையில்தான் விவகாரமே.)

காரமடைக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் ஒரு காட்டுப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட காடு அது. ஓரத்தில் ஒரு கேட், ஓர் அலுவலக அறை, ஒரு தண்ணீர்க் குழாய். கேட்டிலிருந்து கிளம்பி, ஒரு குட்டையைத் தொட்டுவிட்டு, வளைந்து மறுபடி கேட்டுக்கே வந்து சேரும் நடைபாதை. கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை அங்கே இயற்கை நடை உண்டு. முன்னால் ஒரு தன்னார்வலர், பின்னால் ஒரு வனக்காவலர், நடுவில் பொதுமக்கள்.

இரண்டு கோடைகள் நான் பொதுமக்களில் ஒருவனாகப் போனேன். மற்றவர்கள் பறவையைப் பார்த்தார்கள். நான் பறவையைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் எழுதினேன். எந்த மரத்தில் எத்தனை மணிக்கு எத்தனை மரங்கொத்தி என்று நான் வைத்திருந்த பட்டியலைப் பார்த்த ரேஞ்சர், மூன்றாவது கோடையில் என்னையே நடத்தச் சொல்லிவிட்டார். அன்றைய டைரியில் ஒரே வரிதான்: "முதல் பதவி உயர்வு." (கம்பெனியில் கிடைத்தவை இதில் சேராது.)

கூடவே ரேஞ்சர் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்.

"உள்ள போன ஆளு அத்தனையும் வெளிய வரணுங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் இந்த நடையையே நிறுத்திப்போடுவாங்க. ஒன்பதரைக்கு மேல குட்டைக்கு யானை எறங்கும். அப்புறம் அங்க மனுசருக்கு வேலை இல்லீங்க."

இதை நான் எவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொண்டேன் என்றால், முதல் நாளே பதிவேட்டைச் சீர்திருத்தினேன்.

பழைய பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, ஊர், கையெழுத்து. இதனால் கேட்டில் வரிசை நின்று, நடை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும். பத்து நிமிடத்தில் இரண்டு மரங்கொத்திகளைக் கோட்டை விட்டுவிடுவோம். எனவே குடும்பத்துக்கு ஒரு வரி என்று மாற்றினேன். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன். எங்கள் கம்பெனி டூல் ரூமில் இருபது வருடங்களாக இதே முறை. டோக்கன் திரும்பினால் எல்லாம் திரும்பியதாக அர்த்தம். ஒரு ஸ்பானர்கூடத் தொலைந்ததில்லை.

வனக்காவலர் முருகேசனுக்கு இதில் உடன்பாடு இல்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். காட்டில் என்னைவிட நூறு வருடம் மூத்தவர். "டோக்கன் இருக்கட்டுங்க சார். எதுக்கும் தலையையும் எண்ணிப்போடலாமுங்களே," என்றார்.

"தலை நகரும், முருகேசன். டோக்கன் நகராது," என்றேன்.

(இந்த வாக்கியத்தை அவர் மறக்கவில்லை. இன்றும் மாதம் ஒருமுறை எனக்கே திருப்பிச் சொல்கிறார்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு இருபதுக்கு, பதிவு மேசைக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா வந்து நின்றார். காட்டுக்குப் பட்டுப்புடவையில் வந்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பெயர் சரோஜா, ஊர் கருமத்தம்பட்டி, வீட்டில் விசைத்தறி. பின்னால் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருடைய கணவர். பக்கத்தில் தொலைநோக்கியோடு மகள் கவிதா. கேட்காமலேயே முழு விவரமும் சொல்லிவிட்டார். பத்தரைக்கு மேல் நல்ல நேரத்தில் காரமடைக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பதாகப் பேச்சு. பெண்ணுக்கோ பறவை என்றால் உயிர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த நடைக்குப் போகாமல் எந்த மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதாம்.

"ஒம்பது மணிக்கு விட்டுருவீங்களாங்க?"

"ஒன்பது என்றால் ஒன்பது. எத்தனை பேர்?"

"அப்பச் சரிங்க. நாலு பேருங்க."

'சரோஜா, 4' என்று எழுதி, பதினான்கு முதல் பதினேழு வரை நான்கு டோக்கன்களைக் கையில் கொடுத்தேன். நான்காவது ஆள் தண்ணீர்க் குழாயடியில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை. மணி ஆறு இருபத்தேழு. நான் மரங்கொத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடை அற்புதமாக அமைந்தது. மரங்கொத்தி சொன்ன மரத்தில் இருந்தது. செம்போத்து ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் பாதையைக் கடந்தது. புள்ளிமான்கள், ஒன்பது. பாதி வழியில் இருக்கும் பெரிய பாறையில் எல்லோரையும் உட்காரவைத்து, பதிவேட்டின்படி ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டேன். சரோஜா அம்மா முறை வந்தபோது, "நாலு பேரும் இருக்கீங்களா?" என்றேன்.

"நாலு பேரும் இருக்கறமுங்க," என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர் கணவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்த மனிதர் அன்று காலை முழுக்க அந்தப் பையைக் கீழே வைக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். சாப்பாட்டுப் பை என்று நினைத்தேன்.

எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கேட்டில் இருந்தோம். எல்லோரும் டோக்கன்களை என் கூடையில் போட்டார்கள். எண்ணினேன், இருபத்து நான்கு. முருகேசனைப் பார்த்து ஒரு புன்னகை செய்தேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வியாதி விடுமா? சும்மா, வெறும் பழக்கத்தில், தலைகளையும் எண்ணினேன்.

இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று. ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. பதினொன்று, பன்னிரண்டு. அலுவலக அறையின் பின்புறம், கழிவறை, வாசலில் நின்ற வண்டிகள் எல்லாவற்றிலும் பார்த்தேன். எங்கும் யாரும் இல்லை. (நான் என்னை விட்டுவிட்டு எண்ணியிருப்பேன் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் முருகேசனும் பதிவேட்டிலேயே கிடையாது. அதைத்தான் முதலில் சரிபார்த்தேன்.)

முருகேசனை ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

"யாருங்க சார் காணோம்?"

"தெரியவில்லை."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியவில்லை."

"பெரியவங்களா, கொழந்தையா?"

பழைய பதிவேடாக இருந்தால் இது எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்திருக்கும். கையில் இருந்த புதிய பதிவேட்டை மூடினேன்.

"அப்ப என்னதாங்க தெரியும்?"

"ஒருவர் குறைவு. அது மட்டும் உறுதி."

முருகேசன் ஒரு நல்ல யோசனை சொன்னார். குடும்பம் குடும்பமாக நிற்கவைத்து, யார் குறைகிறார்கள் என்று அவர்களையே கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் மறுத்தேன். ஆள் காணோம் என்று தெரிந்தால் கூட்டம் பதறிவிடும், ஒருவர் தேடப்போக அவரைத் தேடி இன்னொருவர் போவார் என்று வாதாடினேன். பாறையில் எல்லாக் குடும்பமும் முழுசாக இருந்ததாகச் சொன்னார்கள். எனவே தொலைந்தது தனியாக வந்த ஐந்து பேரில் ஒருவர். எதையோ மறந்துவிட்டு, டோக்கனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பாறைக்குத் திரும்பிப் போயிருக்கிறார் என்று அடுக்கடுக்காக நிரூபித்தேன். பம்பு கம்பெனிக்காரன் மூளை, தப்பாகப் போனாலும் வரிசையாகத்தான் போகும்.

கூட்டத்திடம், "யானை நடமாட்டம் இருக்கிறது, கொஞ்ச நேரம் யாரும் வெளியே போக வேண்டாம்," என்று அறிவித்தேன். முருகேசன் வாக்கிடாக்கியில் ரேஞ்சருக்குத் தகவல் சொன்னார். சரோஜா அம்மா மட்டும் என் பின்னாலேயே வந்து, "ஏனுங்க, பத்தரைக்கு நல்ல நேரமுங்க," என்று மெதுவாகச் சொன்னார். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு முருகேசனோடு காட்டுக்குள் ஓடினேன்.

தொலைந்தவர் பெயர் தெரியாமல் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? வேறு வழியில்லாமல், "ஏனுங்க, ஏனுங்க," என்று காட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஒரு மயில் பதில் சொன்னது. கொஞ்ச தூரம் போனதும் முருகேசன், யானை காதில் விழுந்தால் நம்மைத்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிடும், வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பாறைக்கருகில் தடயம் கிடைத்தது. நீல நிறத் தொப்பி ஒன்று, புதருக்குள். உள்பக்கம் வியர்வை ஈரம் காயவில்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: '9.34. காணாமல்போனவரின் தொப்பி கிடைத்தது. நீலம்.' வாக்கிடாக்கியில் ரேஞ்சரிடமும் நானே சொன்னேன்.

முருகேசன் தொப்பியைப் பார்த்தார். பிறகு, காலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்த என் வழுக்கையைப் பார்த்தார்.

"சார், இது நீங்க போட்டிருந்ததுங்க."

தலையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வாக்கிடாக்கியில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க," என்று மட்டும் வந்தது.

சிரிப்பெல்லாம் இப்போது. அப்போது சிரிக்கவில்லை. அங்கிருந்து குட்டைப் பக்கம் இறங்கியபோது பாதையில் பச்சையான யானை லத்தி கிடந்தது. காலையில் நாங்கள் வந்தபோது அது இல்லை. முருகேசன் என் தோளைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். எதிரே குட்டையில் யானைகள். அந்த நிலைமையிலும் எண்ணினேன். ஐந்து, அதில் ஒன்று குட்டி. குட்டி இருந்தால் தாய் யாரையும் பக்கத்தில் விடாது என்று அன்று காலைதான் நானே எல்லோருக்கும் விளக்கியிருந்தேன்.

குட்டையின் மறுகரையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. துணி. தரையோடு தரையாக, அசையாமல்.

காலையில் சிவப்பு உடுத்தி வந்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. மரங்கொத்தி முகம் மட்டும் துல்லியமாக ஞாபகம் இருந்தது. இருபத்து நான்கு பேரைக் கூட்டிப்போனேனே, ஒருவர் முகத்தையாவது சரியாகப் பார்த்தேனா? அந்த ஆள் யாருடைய அப்பாவோ, யாருடைய அக்காவோ. எனக்கு அவர் ஓர் எண். அதுவும் எந்த எண் என்று தெரியாத எண். கடவுளே, இந்த ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்துவிட்டால் இனி எதையும் எண்ணமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். (இந்த வேண்டுதலை நிறைவேற்றவில்லை.)

முருகேசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "பூங்க சார். முருக்கம்பூ. மரத்தடியில உதுந்து கெடக்குது."

அப்படியே லத்திக்கு அரையடி தள்ளி உட்கார்ந்துவிட்டேன். அரையடி என்பது என் கணக்கு. வசந்தா பிற்பாடு பேண்ட்டைப் பார்த்துவிட்டு, அரையடி இல்லை என்றாள்.

யானைகள் மேலே ஏறும்வரை காத்திருந்து, குட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டுக்குத் திரும்பியபோது மணி பத்து ஐம்பது. ரேஞ்சர் ஜீப்போடு வந்திருந்தார். தேடுவதற்கு இன்னும் ஆறு பேர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பொதுமக்களை வெயிலில் வைத்திருக்க வேண்டாம், வழக்கம்போலப் பையைச் சோதித்து ஒவ்வொருவராக வெளியே அனுப்புங்கள், பெயரையும் எழுதிக்கொள்ளலாம் என்றார். பைகளைச் சோதிப்பது அங்கே எப்போதும் உண்டு. காட்டிலிருந்து ஓர் இறகு, ஒரு விதை, ஒரு கல்கூட வெளியே போகக் கூடாது. அன்று காலை இதையும் நான்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

முதல் ஆளாக வந்து நின்றது சரோஜா அம்மா குடும்பம். முகமெல்லாம் வாடியிருந்தது. முருகேசன் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, ஒரு தண்ணீர் பாட்டில். அதற்கும் அடியிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கருங்கல். மாங்காய் அளவு.

"இதை எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க அம்மா. காட்டுல இருந்தது காட்டுலயே இருக்கோணும்."

"ஐயோ, இது காட்டுக் கல்லு இல்லீங்க. எங்க ஊட்டுல இருந்து கூட்டியாந்ததுங்க."

கல்லைக் கூட்டிக்கொண்டு வந்ததாக ஒருவர் சொன்னால் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் திரும்பினேன். அந்தக் குடும்பத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அம்மா. அப்பா. மகள்.

"உங்கள் வீட்டு நான்காவது ஆள் எங்கேங்க?" என்றேன்.

சரோஜா அம்மா சங்கடமாகக் கணவரைப் பார்த்தார். காலையிலிருந்து வாயே திறக்காத அந்த மனிதர், முருகேசன் கையிலிருந்த கல்லைக் காட்டினார்.

"இவருதானுங்க."

விஷயம் இதுதான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை நான்காவது ஆளாக எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். என் அம்மாவே செய்திருக்கிறார். சரோஜா அம்மா வீட்டில் இது இன்னும் கறார்: வீடு திரும்பும்வரை மூன்று பேர் என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது. "நீங்க எத்தனை பேருன்னு கேட்டீங்க. நாலுன்னு சொன்னேன். பாறையில கேட்டீங்க, அப்பவும் இருந்தாருங்களே," என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆளைத் தேடுகிறோம் என்று நான் சொல்லியிருந்தால் ஒன்பது மணிக்கே காதோடு சொல்லியிருப்பாராம். யானை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

நான் அந்தக் கல்லை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. யாரும் தொலையவில்லை. யாரும் சாகவில்லை. அப்படியே அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்று முருகேசன் எல்லோரிடமும் சொல்கிறார். கண்ணில் தூசி விழுந்தது என்பதுதான் டைரியில் இருக்கிறது.

ரேஞ்சர் வெகுநேரம் சிரிக்காமல் நின்றார். பிறகு வந்துகொண்டிருந்த ஆறு பேரையும் திரும்பிப்போகச் சொன்னார். காரணம் கேட்டார்கள்போல. "ஆளு கெடச்சுட்டாருங்க. பைக்குள்ள இருந்தாரு," என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

எனக்கு இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பதிவேட்டில் உள்ளே போனவர்கள் இருபத்து நான்கு. அடித்தல் திருத்தல் கூடாது. ரேஞ்சரிடம் கேட்டேன். "உள்ள போனது நாலு பேரு, வெளிய வந்ததும் நாலு பேரு. இதுல திருத்த என்னங்க இருக்குது?" என்றவர், கல்லை என் கையிலிருந்து வாங்கி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் சரோஜா அம்மா கையில் கொடுத்தார். வந்த ஆளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நடை நிற்கவில்லை. பழைய பதிவேடு மட்டும் மறுவாரமே திரும்பி வந்தது: பெயர், வயது, ஊர், கையெழுத்து.

அவர்கள் கார் கிளம்பும்போது மணி பதினொன்று பத்து. நல்ல நேரம் பன்னிரண்டு வரை இருந்தது. அன்று முழுக்க எனக்கு அதே கவலைதான். மாலையில் கவிதாவிடமிருந்து போன் வந்தது. தாமதத்துக்கு என்ன காரணம் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பையன் சிரித்த சிரிப்பிலேயே அவளுக்குப் பிடித்துப்போய்விட்டதாம். முருகேசன் அவர்களிடம் சொல்லிவிட்டிருந்த தொப்பி விஷயத்தையும் சொன்னாயா என்று கேட்டேன். அதைத்தான் முதலில் சொன்னேன் என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், வண்டிச் சாவியோ என் மூக்குக் கண்ணாடியோ, வசந்தா தேடுவதில்லை. "மஞ்சப் பையில பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

கவிதாவுக்கு ஆவணியில் கல்யாணம். நான், வசந்தா, எங்கள் மகள், மூவரும் கிளம்பினோம். வாசலைத் தாண்டியதும் நான் ஒரு நிமிடம் என்று சொல்லித் திரும்பினேன். எதை மறந்தேன் என்று அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மகள் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மண்டபத்து வாசலில் சரோஜா அம்மா பன்னீர் தெளித்து வரவேற்றார். "எத்தனை பேருங்க வந்தீங்க?"

"நாலு பேருங்க," என்றேன்.

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, பந்தியில் நான்கு இலை சேர்த்துப் போடச் சொன்னார். என் பக்கத்து இலையில் கூழாங்கல் உட்கார்ந்தது. அதற்கும் எல்லாம் பரிமாறினார்கள். பாயசம் இரண்டாவது முறையும் வந்தது.

அன்றைய டைரியில் ஒரே வரி: 'சென்றவர்கள் 4. திரும்பியவர்கள் 4.'